முப்பத்தேழாம் நம்பர் கால்

நடப்பதையே வேலையாகக் கொண்ட ஒருத்தி, பதினெட்டு வருஷம் நடந்தும் ஓரிடத்துக்கும் போய்ச் சேரவில்லை என்றால், அவள் நடந்தாள் என்று சொல்லலாமா?

துத்திப்பட்டு சுந்தரியின் வாழ்க்கையைப் பார்த்தால் இப்படித்தான் கேட்கத் தோன்றும். அவள் தன்னை அப்படிக் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. நேரம் இருந்திருக்காது. நடந்துகொண்டிருந்தாள்.

ஆம்பூரை ஒட்டி இருக்கும் ஒரு ஷூ கம்பெனியில் சுந்தரிக்கு சாம்பிள் ரூமில் வேலை. வெளிநாட்டுக்காரர்கள் கேட்கும் புது மாடலை முதலில் ஒரே ஒரு ஜோடி செய்து பார்க்கும் இடம் அது. பெண்கள் ஷூ என்றால் அந்த முதல் ஜோடி முப்பத்தேழாம் நம்பரில் இருக்கும். மற்ற நம்பர்கள் எல்லாம் அதிலிருந்து கூட்டியும் குறைத்தும் பிறகு வருபவை. செய்த ஜோடியை யாராவது காலில் மாட்டி நடந்து பார்த்து, எங்கே பிடிக்கிறது, எங்கே கடிக்கிறது என்று சொல்ல வேண்டும். அந்த யாராவது சுந்தரிதான்.

முதலில் அவள் பசை தடவும் பகுதியில் இருந்தாள். நாள் முழுக்க சொல்யூஷன் வாசம். வீட்டுக்குப் போய்ச் சோற்றில் கை வைத்தால் சோறும் அதே வாசம் அடிக்கும். அப்போது சாம்பிள் ரூம் மாஸ்டர் நயீம் அகமது, பழைய கால்காரி கல்யாணமாகி பெங்களூர் போய்விட்டதால், அளவுக் கட்டையும் டேப்புமாகக் கம்பெனி முழுக்கச் சுற்றிப் பெண்களின் காலை அளந்தார். இருநூற்றுச் சொச்சத்தில் சுந்தரியின் கால் வந்தது. நீளம் சரி. விரலடிச் சுற்று சரி. குதிகால் சரி. மாஸ்டர் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, "அல்லா அளந்து வெச்ச காலும்மா இது" என்றார். அன்று மத்தியானமே அவளுக்கு ஃபேன் காற்றும் நாற்காலியும் கிடைத்தன.

சாம்பிள் ரூமுக்கு வெளியே ஒரு வராண்டா. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு எழுபது தப்படி. எழுபதாவது தப்படியில் சுவர். திரும்ப வேண்டும். ஒரு ஜோடிக்கு இருபது நடை, ஒரு நாளைக்கு ஆறேழு ஜோடி. "நீ நடந்த நடைக்கு ஜெர்மனிக்குப் போயி, அந்த வெள்ளைக்காரி வூட்டுக் கதவத் தட்டி, 'யம்மா, உன் ஷூ சரியா இருக்குதா'ன்னு கேட்டுட்டு வந்திருக்கலாம்" என்பார் மாஸ்டர்.

அவள் நடந்து முடித்ததும் சொல்வது இரண்டில் ஒன்று: கடிக்குது, அல்லது ஓகே. பெரும்பாலும் கடிக்குது. எங்கே கடிக்கிறது என்பதை ஊசிமுனை அளவுக்குச் சொல்வாள்; பிரித்துப் பார்த்தால் அந்த இடத்தில் உள்தோல் ஒரு நூலளவு மடங்கியிருக்கும். ஓகே என்ற சொல் அவள் வாயிலிருந்து மாதத்துக்கு ஒன்று வந்தால் அதிகம். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் ஷூவைப் பார்ப்பதைவிட அவள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். "ஒரு ஓகேக்கு எத்தினி நாளும்மா? வாயில இன்னா பூட்டா?" என்று மாஸ்டர் அலுத்துக்கொள்வார். அந்தப் பூட்டுக்காகத்தான் அவளுக்கு மரியாதை என்று அவருக்கும் தெரியும்.

அந்த மரியாதைக்குக் கால் ஒரு விலை கேட்டது. மாதத்தின் முதல் திங்கட்கிழமை அதை அளவுக் கட்டையில் வைத்தாக வேண்டும். ஒரு நம்பர் கூடினாலும் சாம்பிள் ரூம் கிடையாது, பசை தடவும் லைனுக்குத் திரும்ப வேண்டியதுதான். அதனால் சுந்தரி பதினெட்டு வருஷமாக வெறுங்காலோடு தெருவில் இறங்கியதில்லை. ஊரில் திரௌபதி அம்மன் தீமிதி நடக்கும்போது கூட்டத்துக்குப் பின்னால் செருப்போடு நிற்பாள். ராத்திரி படுக்கும்போது எண்ணெய் தடவிக் காலுறை போட்டுக்கொள்வாள். அவள் கணவன் பரசுராமன் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன், யாரிடமும் கூச்சமில்லாமல் சொல்வான்: "எனக்கு வூட்ல ரெண்டு பொண்டாட்டி. ஒண்ணு சுந்தரி, இன்னொண்ணு அவ காலு. சின்னவளுக்குத்தான் செல்லம் ஜாஸ்தி."

போன வருஷத்துக்கு முந்தைய வருஷம், கார்த்திகை மாதம், ஒரு பனிக்காலை. கம்பெனி பஸ் ஹைவேயில் நின்றுவிட்டது. திருவண்ணாமலை தீபத்துக்கு நடந்து போகிறவர்கள் சாலையைக் கடந்துகொண்டிருந்தார்கள். பனியில் முகங்கள் தெரியவில்லை. ஜன்னலோரம் இருந்த சுந்தரிக்குக் கால்கள்தான் தெரிந்தன. பழக்கத்தில் அவள் நம்பர் போட ஆரம்பித்தாள். நாற்பது. முப்பத்தாறு. அடுத்தது விரல்கள் விசிறிபோல விரிந்து, குதிகால் வெடித்து, நாற்பதா நாற்பத்திரண்டா என்று பிடிபடாத ஒரு கால். அதற்கடுத்தது அதைவிட மோசம். கொஞ்ச நேரத்தில் எண்ணுவதை விட்டுவிட்டாள். அந்தக் கால்களுக்கு நம்பரே கிடையாது. ஆனாலும் எல்லாம் ஜோராகப் போய்க்கொண்டிருந்தன.

அடுத்த வருஷம் ஐப்பசி முடிவதற்குள் அவள் மாஸ்டர் முன்னால் போய் நின்றாள்.

"மாஸ்டர், கார்த்திகைல ஒரு வாரம் லீவு வேணும். அண்ணாமலைக்கு நடக்கப் போறேன்."

நயீம் அகமது கண்ணாடியைக் கழற்றினார். "போயிட்டு வா. நல்ல காரியம். வேன்ல போறியா?"

"நடக்கப் போறேன்னு சொன்னேன்."

"இன்னா போட்டுனு?"

"வெறுங்கால்ல."

மாஸ்டர் எழுந்தேவிட்டார். "அரே, உனக்குப் பைத்தியமா? நூத்தி முப்பது கிலோமீட்டர்! ஆறு நாள் தார் ரோட்ல வெறுங்கால்ல நடந்தா கால் பரந்துடும்மா. பரந்த கால் முப்பத்தெட்டு. தீபம் முடிஞ்சி திங்கக்கிழமை வெள்ளைக்காரன் வந்து உக்காருவான், முன்னூறு மாடல்ல எது போவுது எது நிக்குதுன்னு உன் காலப் பாத்துதான் சொல்வான். அன்னைக்கி நீ முப்பத்தெட்ட தூக்கினு வந்து நின்னா நான் இன்னா பண்ணுவேன்? நீ லைனுக்குப் போவணும், நான் மறுபடி கட்டையத் தூக்கினு ஊரெல்லாம் கால் பொறுக்கணும். பேஜார் பண்ணாத."

"முபஷ்ஷிராவுக்கும் முப்பத்தேழுதானே, மாஸ்டர்?"

தையல் பகுதியில் இருக்கும் முபஷ்ஷிராவைச் சொன்னாள். மாஸ்டர் கையை உதறினார். "அதுக்குக் கால் இருக்குது, வாயி இல்ல. எத மாட்டினாலும் 'நல்லா இருக்குது மாமு'ன்னு சொல்லுது."

ஒரு வாரம் பேச்சு நடந்தது. கடைசியில் மாஸ்டர் தோற்றார். ஆனால் சும்மா தோற்கவில்லை. புறப்படுவதற்கு முதல்நாள் ஒரு துணிப்பையை நீட்டினார். உள்ளே ஒரு ஜோடி கேன்வாஸ் ஷூ. "முழுக்கத் துணி, ரப்பரு. ஒரு பொட்டுத் தோல் இல்ல. உங்க சாமி கோச்சிக்காது. முடியாதப்ப மாட்டிக்கோ." அவளுடைய காலைப் பார்த்து, அவள் அளவுக்கே, அவரே உட்கார்ந்து செய்தது. சுந்தரி வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள். நன்றி சொல்லவில்லை, ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "பின்தையல் நல்லா வந்திருக்குது" என்றாள். அவளிடமிருந்து அது பெரிய வார்த்தை.

நடைக்குழுவுக்குத் தலைவர் ஏகாம்பரம். அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பஸ்ஸை விட்டுவிட்டார், விசிலை விடவில்லை. ஒரு விசில் அடித்தால் குழு நிற்க வேண்டும், இரண்டு அடித்தால் கிளம்ப வேண்டும். முப்பத்தொரு பேர். விடியற்காலையில் புறப்பட்டார்கள். அந்த நேரம் ஏன் என்றால், "பிரியாணி அண்டாவத் தொறக்கறதுக்குள்ள ஆம்பூரத் தாண்டிடணும். அப்புறம் விரதத்துக்கு நான் பொறுப்பில்ல" என்பது ஏகாம்பரத்தின் சட்டம்.

சுந்தரி வீட்டு வாசலிலேயே செருப்பைக் கழற்றினாள். சிமெண்டுத் தரை ஜில்லென்றது. தெருவில் இறங்கினாள். பனியில் நனைந்த மண், அப்புறம் ஜல்லி, அப்புறம் ஹைவேயின் தார். ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக உள்ளங்காலைத் தொட்டது. கூச்சத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் வந்த தேசம்மாள், "இன்னாடி தனியா சிரிக்கிறே?" என்றாள். தேசம்மாள் அதே கம்பெனியில் பேக்கிங் பகுதியில் இருப்பவள், அடுத்த தெருக்காரி. ஆறாவது வருஷமாக நடக்கிறவள். தன் காலுக்குக் கம்பெனியே ஷூ செய்வதில்லை என்று பெருமை பேசுவாள்.

ஹைவே ஓரமாக வரிசை நகர்ந்தது. கொஞ்ச தூரம் போயிருப்பார்கள். சுந்தரி சட்டென்று நின்று, அப்படியே திரும்பி, பின்னால் வந்த தேசம்மாள்மேல் போய் மோதினாள்.

"அய்யோ! எங்கடி போறே? வூட்ல கேஸ் மூட மறந்துட்டியா?"

சுந்தரி திகைத்து நின்றாள். எதற்குத் திரும்பினோம் என்று அவளுக்கே புரியவில்லை. மறுபடி நடந்தார்கள். கொஞ்ச தூரத்தில் மறுபடி கால் தயங்கியது, இடுப்பு தானாகத் திரும்பப் பார்த்தது. இந்தமுறை அவளுக்கு விளங்கிவிட்டது. எழுபது தப்படி. பதினெட்டு வருஷமாக எழுபதாவது அடியில் சுவர் வந்த கால், சுவர் இல்லாத இடத்திலும் சுவரைப் பார்த்தது.

விஷயம் தெரிந்ததும் வரிசை முழுக்கச் சிரிப்பு பரவியது. முன்னால் போனவர்கள் பின்னால் வந்தவர்களுக்குச் சொன்னார்கள். மாதனூர் வருவதற்குள் அவளுக்கு 'யூ-டர்ன் அக்கா' என்று பெயர் விழுந்துவிட்டது. ஏகாம்பரம் அவள் பக்கத்தில் வந்து, தயங்குகிற நேரம் பார்த்து இரண்டு விசில் அடித்தார். "ரைட் ரைட்! இந்த ரூட்ல திரும்பற பஸ் இல்லம்மா, போ போ." சுந்தரிக்குக் கோபம் வரவில்லை. தன் காலுக்கு இப்படி ஒரு கிறுக்கு இருப்பது அவளுக்கே வேடிக்கையாக இருந்தது.

நடப்பவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. புதிதாகச் சேர்ந்தவரிடம் ஊர், பெயர் கேட்ட பிறகு மூன்றாவதாக வேண்டுதல் என்னவென்று கேட்பார்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒருத்தி மகளின் பிரசவத்துக்கு நடந்தாள். ஒருவர் மூட்டுவலி போக வேண்டும் என்று நூற்று முப்பது கிலோமீட்டர் நடந்தார். அதில் உள்ள முரணை அவரிடம் யாரும் எடுத்துச் சொல்லவில்லை. ஏகாம்பரம் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொள்வார். மலை முதலில் நன்றாகத் தெரியும் இடத்தில் கற்பூரம் ஏற்றி, ஒவ்வொருவர் வேண்டுதலையும் உரக்கப் படிப்பார்.

"உனக்கு இன்னாம்மா எழுதட்டும்?"

"ஒண்ணும் இல்லண்ணா."

"ஒண்ணும் இல்லாமலா வெறுங்கால்ல வருவாங்க? பசங்க படிப்பு?"

"ரெண்டும் வேலைக்குப் போவுதுங்க."

"வூட்டுக்காரருக்குக் குடி கிடி?"

"டீ குடிப்பாரு."

ஏகாம்பரம் நோட்டை மூடிவிட்டார். "இத பாரும்மா. எங்க ஏறினே, எங்க எறங்கணும், ரெண்டும் சொன்னாத்தான் டிக்கெட். அஞ்சு நாள் இருக்குது. யோசிச்சி வையி."

அதன்பிறகு ஆளாளுக்கு அவளுக்கு ஒரு வேண்டுதல் கொடுக்க முயன்றார்கள். சொந்த வீடு கேட்கச் சொன்னாள் ஒருத்தி. பள்ளிகொண்டாவில் தங்கிய கல்யாண மண்டபத்தில், தேசம்மாள் படுத்துக்கொண்டே, "உன் கால் முப்பத்தேழாவே இருக்கணும்னு வேண்டிக்கோடி. அதுக்காவத்தானே பயந்துனு வர்றே?" என்றாள். சுந்தரி அதை யோசித்துப் பார்த்தாள். பயம் இருந்ததென்னவோ நிஜம். அன்று மாலை கால் கழுவும்போது விரல்களைச் சேர்த்து வைத்துச் சாண் போட்டுப் பார்த்திருந்தாள். வீக்கம் இருந்தது. வீக்கமா, அகலமா என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. ஆனால் அதைச் சாமியிடம் கேட்பது, கட்டையில் வைத்துத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயத்துக்குச் சிபாரிசு பிடிப்பது மாதிரி இருந்தது. வேண்டாம் என்று விட்டுவிட்டாள்.

இரண்டாம் நாள் வேலூரைத் தொட்டு, ஊருக்குள் போகாமல் பாகாயத்தில் தங்கினார்கள். மூன்றாம் நாள் கண்ணமங்கலம் சாலை. இரவில் மழை பெய்து விட்டிருந்தது. மலைகளின் இடுப்புவரை மேகம். ஏரிகள் தளும்பி, மதகு வழியாகத் தண்ணீர் சாலையோரக் கால்வாயில் கூடவே ஓடி வந்தது. சம்பா நெற்பயிர் முழங்கால் உயரம். வாயைத் திறந்தால் புகை வந்தது. மூட்டுவலிக்காரர் பீடி பிடிப்பதுபோல ஊதிக் காட்டிச் சிரிக்க வைத்தார். சுந்தரி சாலையைப் பற்றித் தன்னையறியாமல் அறிக்கை கொடுத்துக்கொண்டு வந்தாள். "இங்க ஜல்லி முன்விரல்ல குத்துது. பாலத்து மேல பரவால்ல. இந்த ஓரம் குதிகால்ல உள்பக்கமா கடிக்குது."

"ரோட்டுக்காரன் கிட்ட எழுதிக் குடுடி, பிரிச்சி தெச்சிக் குடுப்பான்" என்றாள் தேசம்மாள்.

கடித்தது சாலை மட்டுமில்லை. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு இடது பாதத்தில் கொப்புளம் உடைந்தது. ஒவ்வொரு அடிக்கும் கண்ணில் நீர் முட்டியது. ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்து பையைத் திறந்தாள். மாஸ்டரின் ஷூ. காலைத் துடைத்துத் துணி சுற்றி மாட்டிக்கொண்டாள். எழுந்தாள். நடந்தாள்.

அருமையான ஷூ. வலி பாதியாகக் குறைந்தது. ஆனால் பத்தடி போவதற்குள் அவளுடைய கவனம் சாலையிலிருந்து நழுவி உள்ளே போய்விட்டது. கட்டைவிரலுக்கு இடம் இருக்கிறதா? மடங்கும் இடத்தில் துணி மடிகிறதா? பின்பக்கம் வழுக்குகிறதா? ஏரி எங்கே போயிற்று, மலை எங்கே போயிற்று, தேசம்மாள் என்ன சொன்னாள், எதுவும் அவள் காதில் விழவில்லை. நூறடி தாண்டியதும் நின்றாள். குனிந்து கழற்றினாள்.

"ஏன்டி? கடிக்குதா?"

"கடிக்கல. போட்டா வேலை ஆரம்பிச்சிடுது."

ஷூ பைக்குள் போயிற்று. கொப்புளத்தோடு அவள் நடந்தாள். கொஞ்சம் நொண்டினாள், கொஞ்சம் தேசம்மாள் தோளைப் பிடித்துக்கொண்டாள். வலி இருந்தது. சாலையும் இருந்தது. வயிறு குலுங்கச் சிரிக்க வைக்கும் ஒரு பாட்டைப் பின்வரிசைப் பெண்கள் எடுத்துவிட, வரிசை முழுக்கக் கைதட்டிக்கொண்டு நடந்தது. நாலாவது நாள், போளூருக்கு முன்னால், எதிர்வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு போகும்போது அவளுக்கு ஒன்று உறைத்தது. காலையிலிருந்து கால் ஒருதடவைகூடத் தயங்கவில்லை. எப்போது நின்றது அந்தப் பழக்கம்? நேற்றா, முந்தாநாளா? எழுபதைத் தாண்டி எத்தனை எழுபது போயிற்றோ. ஒரு பழக்கம் விடுகிற நேரத்தை மனிதர்கள் ஒருபோதும் பார்ப்பதில்லை. அது போன பிறகுதான் தெரிகிறது. சுந்தரி இதைத் தேசம்மாளிடம் சொல்ல வாயெடுத்தாள். சொல்லாமல் வேகமாக நடந்தாள். முன்வரிசையையும் தாண்டி, ஏகாம்பரத்தையும் தாண்டிப் போய்விட்டாள். பின்னாலிருந்து ஒற்றை விசில் கேட்டது. கேட்காதது மாதிரி நடந்தாள்.

"யம்மா யூ-டர்னு! பஸ்ஸ விட்டுட்டுப் போவாதே!" என்று ஏகாம்பரம் கத்தினார்.

ஆறாம் நாள் காலை, கலசப்பாக்கம் தாண்டி ஒரு திருப்பத்தில் மலை முழுசாகத் தெரிந்தது. ஏகாம்பரம் ஒற்றை விசில் அடித்தார். கற்பூரம் ஏற்றினார்கள். பிரசவம், வேலை, மூட்டு, அடகு நகை என்று நோட்டிலிருந்து ஒவ்வொன்றாக வந்தது. கடைசியில் அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"சுந்தரி. துத்திப்பட்டு. சொல்லும்மா."

"நடந்து பாக்கலாம்னு வந்தேண்ணா."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

ஏகாம்பரம் பேனாவைக் காதில் செருகியபடி யோசித்தார். முப்பது வருஷ சர்வீஸில் இப்படிச் சில பயணிகளை அவர் பார்த்திருக்க வேண்டும். "சரி. பாஸ்னு போட்டுக்கறேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கற்பூரம் அணையும்வரை சிரிப்பு நின்றபாடில்லை.

அன்று பிற்பகல் ஊருக்குள் நுழைந்தார்கள். நுழைந்தார்கள் என்று சொல்வது மிகை. வேலூர்ச் சாலையிலேயே கூட்டம் அவர்களைப் பிடித்து நிறுத்திவிட்டது. கோயில் கோபுரத்தைத் தூரத்தில் பார்த்ததோடு சரி. லட்சக்கணக்கான வெறுங்கால்களுக்கு நடுவே சுந்தரி நின்றாள். மிதித்தார்கள்; மிதித்தாள். யாரும் யாரையும் கோபிக்கவில்லை. சாயங்காலம் ஆனது. குளிர்காற்று மலையிலிருந்து இறங்கியது. பேச்சு தானாக அடங்கியது. எல்லா முகமும் ஒரே பக்கம் திரும்பி இருந்தது.

ஆறு மணிக்கு உச்சியில் ஒரு பொட்டு வெளிச்சம் எழுந்தது. சிறிது ஆடியது, நின்றது, வளர்ந்தது. ஊரே "அண்ணாமலையாருக்கு அரோகரா" என்று முழங்கியது. தேசம்மாள் கையை உயர்த்திக் கதறினாள். ஏகாம்பரம் விசிலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

சுந்தரி தீபத்தை நிதானமாகப் பார்த்தாள். இடமும் வலமும் பார்த்தாள். தன் காலைக் குனிந்து பார்த்தாள், மறுபடி மேலே பார்த்தாள்.

"ஓகே" என்றாள்.

உரக்கத்தான் சொன்னாள். தேசம்மாளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து புரையேறிவிட்டது. "சாமிக்கே ஓகே குடுத்துட்டாடி இவ! மாஸ்டர் கேட்டா வயிறெரிவாரு!" முதுகில் தட்டித் தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று.

சிறப்புப் பேருந்தில் ஊர் திரும்பினார்கள். ஆறு நாள் நடந்த சாலை ஜன்னலில் மூன்று மணி நேரத்தில் ஓடி முடிந்தது. வேலைக்குப் போகுமுன் இரண்டு நாள் சுந்தரி வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பரசுராமன் வெந்நீர் வைத்துக் கொடுத்து, "சின்னவ இப்ப எப்படி இருக்கா?" என்று கேட்டான். "நல்லாதான் இருக்கா" என்றாள். வீக்கம் வடிந்தது. கொப்புளம் காய்ந்தது. கண்ணால் பார்த்தால் கால் பழைய கால்தான். கண்ணால் பார்த்து நம்பர் சொல்ல முடியாது என்பதை அவளைவிட நன்றாக அறிந்தவர் இல்லை.

திங்கட்கிழமை காலை எட்டரைக்கே நயீம் அகமது சாம்பிள் ரூமில் இருந்தார். மேஜையைத் துடைத்து, அளவுக் கட்டையைத் தரையில் வைத்து, டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நின்றார். பதினோரு மணிக்கு வெளிநாட்டுக்காரர் வருகிறார். எதற்கும் இருக்கட்டும் என்று முபஷ்ஷிராவையும் வரவழைத்திருந்தார். அந்தப் பெண் சுவரோரம் வெளிறிப்போய் நின்றாள். சுந்தரியின் கால் சரியாக இருக்க வேண்டும் என்று அந்த அறையில் அதிகமாகப் பிரார்த்தித்தது அவளாகத்தான் இருக்கும்.

சுந்தரி வந்தாள். கேன்வாஸ் ஷூவைப் பையோடு மாஸ்டரிடம் கொடுத்தாள். "நூறடி போட்டேன். கடிக்கல" என்றாள்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் மாஸ்டர். அவளை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "கறுத்துட்டே. ஆனா முகம் பளிச்சின்னு இருக்குது. சரி வா, கால வையி. கூடியிருந்தாலும் பயப்படாத. ஒரு நூல் ரெண்டு நூல்னா நாலு நாள்ல எறங்கிடும். வெள்ளைக்காரன நான் டீ குடுத்து சமாளிக்கிறேன்."

சுந்தரி செருப்பைக் கழற்றினாள். கட்டையின் முன்னால் வந்து நின்றாள். மாஸ்டர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். கழுத்திலிருந்து டேப்பை எடுத்தார்.

"வேணாம் மாஸ்டர்" என்றாள் சுந்தரி.

"இன்னா வேணாம்?"

"அளக்க வேணாம்."

மாஸ்டர் குனிந்தபடியே தலையை மட்டும் தூக்கினார். "வலிக்குதா?"

"இல்ல."

"பயமா?"

"பயம்லாம் இல்ல, மாஸ்டர்."

"அப்புறம் இன்னாம்மா? வெச்சா தெரிஞ்சிடப் போவுது. முப்பத்தேழாவேதான் இருக்கும், எனக்குப் பாத்தாலே தெரியுது. வையேன்!"

"நம்பர் இல்லாமயே இருக்கட்டும், மாஸ்டர்" என்று அவள் சிரித்தாள். வருத்தமோ வீம்போ இல்லாத சிரிப்பு என்று முபஷ்ஷிரா பிறகு எல்லோரிடமும் சொன்னாள். குனிந்து மாஸ்டரின் கையைப் பிடித்து எழுப்பிவிட்டாள். பிறகு முபஷ்ஷிராவின் பக்கம் திரும்பி, "கடிச்சா கடிக்குதுன்னு சொல்லு. யார் மூஞ்சியும் பாக்காத. அவங்கதான் உன் மூஞ்சியப் பாக்கணும்" என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து அவளுக்கு இடம் பேக்கிங் பகுதியில், தேசம்மாளுக்குப் பக்கத்தில். முப்பத்தாறிலிருந்து நாற்பத்தொன்றுவரை எல்லா நம்பரும் அவள் கை வழியாகப் பெட்டிக்குள் போகின்றன. கால் கூடியிருந்ததா, அப்படியே இருந்ததா என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. அவளுக்கும் தெரியாது. மாஸ்டர் இரண்டு தடவை கட்டையோடு கீழே இறங்கி வந்தார். தேசம்மாள் நூறு தடவையாவது கேட்டிருப்பாள். கேட்டவர்களுக்கெல்லாம் சுந்தரி கேண்டீனில் டீ வாங்கிக் கொடுத்தாள்.